சும்மா போட்டுக் கொடுத்த அம்பு

பாஸ்கரா,

சித்தூரில் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டதாக விசிட்டிங் கார்டு அடித்து உன் நைனாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறாய். பெற்றவள் எனக்கு அனுப்பவில்லை. அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் நான்தான் வாங்கிப் படித்தேன். உன் பெயர் நன்றாக இருக்கிறது. மஞ்சள் கோடு போட்ட படமும் நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே, பார்க்கிங் கோடு போட்டுக்கொண்டால் அம்புக்குறி, நம்பர், தூண் பட்டை எல்லாம் உசிதம் என்று சிவப்புத் தெலுங்கு எழுத்தில் போட்டிருக்கிறாய். தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு இலவசம் என்று அர்த்தம், தமிழில் தகுந்தது என்று அர்த்தம். இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்தேன். இரண்டிலும் வயிறு எரிந்தது.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுத்திலும் கத்தத்தான் போகிறேன். உன் நைனா, "புள்ள இப்பதான் சொந்தக் கால்ல நிக்கறான், வுடு" என்றார். அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நம்மிடம் வேலை செய்கிற முனிரத்தினத்தின் காலை உடைத்துவிட்டு இவன் எந்தக் காலில் நிற்கிறான் என்று கேட்டேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்தால் போதாது. உன்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிற கார்வேட்டிநகரத்து ஆட்கள் இரண்டு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. அவர்களுக்காகத்தான் பாதிக்கு மேல் எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரியாத கதை இதில் நிறைய இருக்கிறது.

உன் நைனா நகரிப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்தபோது ரோட்டுக்குக் கோடு போடுகிற ஒரு கான்டிராக்டரிடம் கூலிக்கு நின்றார். நம் இரண்டு வீட்டிலும் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை, கூலி எங்கே கிடைத்தால் அதுதான் ஊர். பிறகு ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் ஆஸ்பத்திரிகளும் கார் நிறுத்தக் கோடு கேட்க ஆரம்பித்தன. ரோட்டு வேலைக்காரர்கள் அதைச் சில்லறை வேலை என்று ஒதுக்கினார்கள். நாம் அதையே பிடித்துக்கொண்டோம். அவர் நூல் பிடித்துக் கோடு போட்டார். நான் தகரத் தகட்டில் எண்ணும் எழுத்தும் அம்பும் வெட்டிக் கொடுத்தேன். தகட்டைத் தரையில் வைத்து மேலே ரோலரை ஓட்டினால் அம்பு விழும். விலை பேசுவதும் என் வேலைதான். உன் நைனாவுக்கு யாராவது சிரித்துப் பேசிவிட்டால் போதும், விலையை மறந்துவிடுவார். அந்தக் குணம் உனக்கும் வந்திருக்கிறது. அவருக்கு அது இளகிய மனசு. உனக்கு அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

உன் காதுகுத்து போட்டோவைப் பார்த்திருக்கிறாய். மாமா மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிறாய். பக்கத்தில் நான் நிற்கிறேன், ஊரே நிற்கிறது, உன் நைனா இல்லை. அவர் எங்கே என்று நீ சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறாய். போட்டோ எடுத்ததே அவர்தான் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் அன்றைக்குச் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் குந்திக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய மாதம் அங்கே கார் கோடு போட்டு முடித்தபோது, அதன் மேனேஜர் தோளில் கை போட்டு, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் நாலு எழுத்து எழுதிவிட்டுப் போ என்றாராம். இவரும் டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மிச்சப் பெயிண்ட், அதிலும் ஈரத் தரை. ஒரு மழையில் எழுத்து போய்விட்டது. போன் வந்தது. தன் காசில் பஸ் ஏறிப் போய் மறுபடி எழுதினார். காய்வதற்குள் எவனோ அதன் மேலேயே காரை ஏற்றி நிறுத்தினான். மறுபடி போன். உன் காதுகுத்து அன்றைக்கு வந்த போனில், உன் எழுத்து அழிந்ததால் ஆம்புலன்ஸ் நிறுத்த இடமில்லை, நோயாளிக்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்று மிரட்டியிருக்கிறார்கள். இவர் பயந்து ஓடினார். கோடு போட்டதற்குக் காசு வாங்கினோம், அதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் போன் செய்யவில்லை. சும்மா எழுதிய நாலு எழுத்துக்குத்தான் அத்தனை அதிகாரம்.

விலை சொன்ன வேலைக்கு ஒரு முடிவு உண்டு பாஸ்கரா. இன்ன இடத்தில், இன்ன பெயிண்டில், இத்தனை நாள் தாங்கும் என்று பேசி, போட்டு, காட்டி, காசு வாங்கிவிட்டால் அது முடிந்துபோன வேலை. சும்மா செய்து கொடுத்த வேலைக்கு முடிவே கிடையாது. எங்கே ஆரம்பித்தது, எதுவரை நம் பொறுப்பு என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கேட்டவன் அதை உதவி என்றும் நினைக்க மாட்டான், அதுவும் சேர்த்துத்தான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வான்.

அம்புக்கு என்ன விலை என்று நீ தொழிலுக்கு வந்த புதிதில் கேட்டாய். ஒரு டம்ளர் பெயிண்ட்கூட ஆகாதே, அதற்கு இவ்வளவா என்று சிரித்தாய். அன்றைக்கே பொறுமையாகச் சொன்னேன், நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது பொறுமை இல்லாமல் சொல்கிறேன். பெயிண்டுக்கு யாரும் விலை போடுவதில்லை. கூட்டித் துடைத்து எண்ணெய்க் கறையை எடுக்க வேண்டும். தகட்டைப் பிடிக்க ஒரு ஆள், உருட்ட ஒரு ஆள். கார் வந்து ஏறாமல் பார்க்க ஒரு ஆள், அது காயும் வரைக்கும். பிறகு ரோலரைத் தின்னரில் கழுவ வேண்டும். ஒரு அம்புக்கும் கழுவ வேண்டும், நூறு அம்புக்கும் கழுவ வேண்டும். நாம் அங்கேயே வேலையில் இருக்கும்போது கேட்டால் ஒரு விலை. மூட்டை கட்டி வண்டி ஏறிய பிறகு கூப்பிட்டால் வேறு விலை, ஏனென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய அம்பை அழித்துவிட்டுப் போடச் சொன்னால் அதற்கும் மேலே. சமதரையில் ஒரு விலை, வண்டி இறங்குகிற சரிவில் வேறு விலை, ஏனென்றால் சரிவில் இறங்குகிறவனுக்கு மறுபக்கம் தெரியாது. இதெல்லாம் பேராசை என்றாய். எல்லாரும் ஃப்ரீயாகப் போடுகிறார்கள், நாம் காசு கேட்டால் பெரிய வேலையும் போய்விடும் என்றாய். குறைத்துத்தான் கொடுக்க வேண்டுமென்றால் கொடு, யார் வேண்டாமென்றது. கொட்டேஷனில் அம்பை எழுது, எதிரே விலையை எழுது, அதற்குக் கீழே தள்ளுபடி என்று எழுதிக் கழித்துக்கொள். வேலை காகிதத்தில் இருக்கட்டும். காகிதத்தில் இருந்தால்தான் அதற்கு ஆள் போட வேண்டுமென்று உனக்கே ஞாபகம் வரும்.

இனி அந்த மண்டபத்துக் கதைக்கு வருகிறேன். உன் ஆட்களுக்கு நீ இதை வேறு மாதிரி சொல்லியிருப்பாய், அதனால் நான் சொல்வதை நிறுத்தாமல் படி.

திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம். நீ தனியாகப் பேசி முடித்த முதல் பெரிய வேலை அது. நானும் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னேன். கோடும் நம்பரும் மத்தியானத்துக்குள் முடிந்தது. மண்டப முதலாளி சுற்றிப் பார்த்தார், பில்லில் கையெழுத்துப் போட்டார், காசையும் கொடுத்துவிட்டார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடுப்புக் கோன், கயிறு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, கார்களை மறித்து நிறுத்துகிற ஆளையும் சேர்த்துப் புத்தூரில் அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டாய். முனிரத்தினம் மட்டும் ரோலர் கழுவிக்கொண்டு பின்னால் இருந்தார். அப்போதுதான் முதலாளி உன்னைக் கூப்பிட்டு, கீழே இறங்குகிற சரிவில், திருப்பத்தில் ஒரு அம்பு இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். "சின்ன பனே கதா பாபு" என்று தெலுங்கில் சொன்னாராம். சின்ன வேலைதானே தம்பி. அந்த ஒரு சொல்லில் நீ உருகிப் போனாய். அவருடைய தம்பிக்கு இரண்டு லாட்ஜ் இருப்பது உனக்குத் தெரியும். அதையும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, சும்மாவே போட்டுத் தருகிறோம் சார் என்றாய்.

பிறகு நீ முனிரத்தினத்திடம் போய், அண்ணே, ஒரு அம்புதான், போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்துவிடு என்று சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு சித்தூரில் யாரையோ பார்க்கக் கிளம்பிவிட்டாய். தனியாகவா என்று அவர் கேட்டிருக்கிறார். கல்யாணம் நாளைக்குத்தானே, வண்டி ஒன்றும் வராது என்றாய். இதை அவர் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நான் துருவிக் கேட்டபோது, உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி சுற்றி வளைத்துச் சொன்னார்.

கல்யாணம் மறுநாள் என்றால் அலங்காரக்காரர்கள் முதல் நாளே வருவார்கள் என்று உனக்குத் தோன்றவில்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குள் இறங்கிய டெம்போ டிரைவருக்குத் திருப்பத்தில் தரையில் மண்டியிட்டிருந்த ஆள் தெரியவில்லை. பிரேக் போட்டான். பூக்கூடையும் இரும்புக் கம்பியும் ஏற்றிய வண்டி சரிவில் நிற்காமல் அவருடைய வலது காலில் ஏறி நின்றது. முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. டெம்போவுக்கு இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. அந்த டிரைவர் பையன் தன் பங்குக்கு எங்கேயோ கடன் வாங்கிக் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதான். அவனாவது வந்தான். நீ ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துதான் என்ன நடந்தது என்றே கேட்டாய்.

ஆபரேஷனுக்குக் காசு கேட்க நாம் மண்டபத்துக்குப் போனோம். நீயும் நானும் முனிரத்தினத்தின் மனைவி தேசம்மாவும். தேசம்மா கையில் கஞ்சி கொண்டுபோன பிளாஸ்க்கைப் பிடித்தபடி நமக்குப் பின்னால் கதவோரம் நின்றாள். முதலாளி நம் பில்லையும் கொட்டேஷனையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக் காட்டினார்.

"கோடு கீது, நம்பரு கீது. அம்பு எங்கம்மா கீது? உங்க வேலை மத்தியானமே முடிஞ்சிபோச்சி, துட்டும் கொடுத்துட்டேன். அதுக்கு மேல என் எடத்துல உங்க ஆளு இன்னா பண்ணிக்கினு இருந்தான்?"

நான் உன்னைப் பார்த்தேன். சார், நீங்கதானே கேட்டீங்க என்று நீ சொல்லப்போகிறாய் என்றுதான் பார்த்தேன். உனக்கு அப்போது அந்த லாட்ஜ் ஞாபகம் வந்ததா, பயம் வந்ததா, தெரியாது. நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய்.

"அது கொட்டேஷன்ல இல்ல சார். முனிரத்தினம் அவரா போய் போட்டுக்கினு இருந்திருக்காரு."

இத்தனை வருஷத்தில் விலை பேசுகிற இடத்தில் நான் பேச்சில்லாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான். தேசம்மா வெளியே போய்விட்டாள். கேட் அருகே நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். "அவரா எங்கயும் போவமாட்டாரும்மா. போன்னு சொன்னாதான் போவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். உனக்குப் பின்னால் நடந்த இது உனக்குத் தெரியாது. நீ உள்ளே முதலாளியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது உன் கணக்கில் நான் செய்த துரோகம். கோடு போடுகிற இரண்டாவது மெஷின் வாங்க நாம் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து ஆபரேஷனுக்குக் கட்டினேன். காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். அது என் மெஷின், அந்தாள் காலுக்கு நானா பொறுப்பு என்று நீ வீடு அதிரக் கேட்டாய். ஆமாம், நீதான் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்குப் போனாய். கடன் வாங்கி மெஷின் போட்டிருக்கிறாய் என்று உன் நைனா சொன்னார். போடு, யார் வேண்டாமென்றது. ஆனால் அம்மா என் பங்கை எடுத்து வேலைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே. அந்தக் காசு யாருடைய முதுகு வளைந்து வந்தது என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாயா? உனக்கு மீசை முளைக்கிற காலத்திலிருந்து நம் வீட்டுக் கோடுகளுக்கு நூல் பிடித்தவர் அவர். உன்னை முதலில் பைக்கில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

நீ போன பிறகு நான் தனியாக மண்டபத்துக்குப் போனதை உன் நைனா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு வெட்கம். சரிவில் பாதி அம்பு அப்படியே இருந்தது. கூர்முனை இருந்தது, தண்டு இல்லை. கீழே இறங்குகிறவனுக்கு அது என்னவென்றே புரியாது. அந்த அம்புக்கு ஒரு பில் எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். நான் சொல்லாத வேலைக்கு எனக்கு எதற்கம்மா பில் என்றார். சரி, உங்கள் வேலை இல்லையென்றால் அது என் அம்பு, நான் அழித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள் என்று இன்னும் சிரித்தார். பக்கத்திலிருந்த மேனேஜரும் சிரித்தான்.

அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் நாள், வரவேற்புக்கு ஜனம் வருகிற சாயங்காலமாகப் பார்த்துப் போனேன். உன் நைனா, இரண்டு ஆட்கள், கோன், கயிறு, சிவப்புக் கொடி, எல்லாம் முறைப்படி. சரிவின் மேலும் கீழும் கயிறு கட்டினோம். பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தோம். அவசரமே படவில்லை. கார்கள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றன. ஹாரன் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை. மேனேஜர் ஓடி வந்தான், பிறகு முதலாளியே வந்தார். இப்போதே கயிற்றை எடு என்றார். நீங்கள்தானே எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்றேன். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருத்தர் காரிலிருந்து இறங்கி வந்து, இங்கே அம்பே இல்லையே, எந்தப் பக்கம் போவது என்று அவரிடமே கத்தினார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சரி, நாளைக்குக் காலையில் வந்து முழுசாகப் போட்டுவிடு, எவ்வளவு என்றார்.

சொன்னேன். திரும்பி வருகிற விலை, சரிவுக்கான விலை, மேலும் கீழும் நிற்கிற ஆட்களின் கூலி, எல்லாம் தனித்தனி வரியாக எழுதிக் கொடுத்தேன். பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் போய் அம்பைப் போட்டுக் காயும் வரைக்கும் நின்றுவிட்டு வந்தோம். அந்தக் காசைத் தேசம்மாவிடம் கொடுத்தேன். ஆபரேஷன் செலவுக்கு அது ஓரத்துக்குக்கூட வராது. காலுக்கு அவர் ஒரு ரூபாய் தரவில்லை, இனியும் தரமாட்டார். ஆனால் அந்தச் சரிவில் ஒரு ஆள் நிற்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு கூலி உண்டு என்று அவரிடமே கையெழுத்து வாங்கிவிட்டேன். நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தது இதைத்தான். ஒரு டம்ளர் பெயிண்டை நீ இலவசமாகக் கொடுக்கவில்லை. காவல் நிற்கிற ஆளை இலவசமாகக் கொடுத்தாய். அந்த ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, உன் குணத்தைப் பற்றி. உன் நைனா தன் உழைப்பைத் தூக்கிக் கொடுத்தார். பஸ் ஏறிப் போய், தானே குந்தி எழுதினார். ஏமாளி என்று அவரை நான் ஆயிரம் தடவை திட்டியிருக்கிறேன். நீ கொடுப்பது உன்னுடையது இல்லை. முனிரத்தினத்தின் காலை, அவருடைய சாயங்காலத்தை எடுத்து முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, நல்ல தம்பி என்று பெயர் வாங்கிக்கொண்டு பைக்கில் போகிறாய். அடுத்தவன் உடம்பை எடுத்துத் தாராளம் காட்டுவதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும், பெற்ற பிள்ளைக்கு அதை எழுதக் கை வரவில்லை. இப்போது அதையே சிவப்பு எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கிறாய். அந்த கார்வேட்டிநகரத்து ஆட்களுக்குத் தெரியுமா, அந்தக் கார்டில் உசிதம் என்று போட்டிருப்பது அவர்களைத்தான் என்று?

நம்மிடம் வழக்கமாக வருகிற சிலர் இப்போது போன் செய்து, உங்கள் பையன் சும்மாவே போட்டுத் தருகிறானாமே என்று கேட்கிறார்கள். அவனிடமே போங்கள் என்று சொல்கிறேன். வேலை குறைந்திருக்கிறது, உண்மைதான். அதற்காக இதை எழுதவில்லை. உன்னை வீட்டுக்குத் திரும்பி வா என்றும் கேட்கவில்லை. தனியாகவே நடத்து. உன் வேலை சுத்தமாக இருக்கும், உனக்குக் கண் நேராக இருக்கிறது, அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போ. காசு கொண்டுபோகாதே, பழம் கொண்டுபோகாதே. தேசம்மா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய், அன்றைக்கு நான்தான் அவரை அம்பு போட அனுப்பினேன், அவராகப் போகவில்லை என்று அவள் காதில் விழும்படி சொல். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த முதலாளி சொன்ன மாதிரி சின்ன வேலைதானே.

அவர் இப்போது நடக்கிறார். குச்சி வேண்டும், குந்த முடியாது, மண்டியிட முடியாது. வீட்டில் இருங்கள், கூலி வந்துவிடும் என்றேன். சும்மா வர்ற துட்டு வேணாம்மா என்று சொல்லிவிட்டார். கார்களை மறித்து நிறுத்துகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு குச்சியோடு கேட்டில் நின்றால் எந்த டிரைவரும் தாண்டி வருவதில்லை.

போன வாரம் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பஸ்கள் திரும்புகிற இடத்தில் அம்பு போட்டுக்கொண்டிருந்தோம். டீ வந்தது. அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி குடித்தார். சித்தூரில் உனக்கு வேலை நன்றாகப் போகிறதா என்று கேட்டார். போகிறதாம் என்றேன்.

"அவன்கிட்ட நிக்கறதுக்கு ஆளு கீறானாம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். டம்ளரைக் கீழே வைக்கக் குனிய முடியாமல் என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கொடியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனார்.

அம்மா